கண்புரை ஆபரேஷனில் ஓர் ஊசி: ‘71% பலன்’ என்றால் எத்தனை பேருக்குப் பலன்?

கம்பம், சின்னமனூர், போடி பக்கம் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில், தேனிக்குக் கண் ஆபரேஷனுக்குப் போய்வந்த கதை ஒன்றாவது இருக்கும். மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-லேயே தேனியில் கிளை திறந்துவிட்டது. அதே அரவிந்த் மருத்துவர்கள் 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை வைத்தே, ஒரு சிகிச்சையின் நன்மையையும் ஆபத்தையும் எப்படிக் கணக்குப் போடுவது என்று புரிந்துகொள்ளலாம்.

என்ன ஆய்வு அது?

கண்புரை ஆபரேஷனில் டாக்டர்கள் அதிகம் பயப்படுவது ‘எண்டாப்தால்மைடிஸ்’ என்ற தொற்றுக்குத்தான். கண்ணுக்குள்ளேயே கிருமி பரவுவது இது. அபூர்வமாகத்தான் வரும், வந்தால் பார்வையே பறிபோகலாம். இதைத் தடுக்க, ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்தும் முறை அரவிந்தில் வழக்கமானது.

அந்த முறையால் பலன் உண்டா என்று பார்க்க, 10 அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த 6,17,453 ஆபரேஷன்களின் பதிவுகளை டாக்டர்கள் ஹரிப்ரியா, டேவிட் சாங், ரவீந்திரன் ஆகியோர் அலசினார்கள். கிடைத்தது இது:

• ஊசி போடாத 3,02,815 ஆபரேஷன்களில் 214 தொற்று.
• ஊசி போட்ட 3,14,638 ஆபரேஷன்களில் 64 தொற்று.

71 சதவீதமா, 0.05 சதவீதமா?

இரண்டும் சரி. ஊசி போடாதபோது 10,000 ஆபரேஷன்களில் 7 பேருக்குத் தொற்று; போட்டபோது 2 பேருக்கு. ஏழு இரண்டாகக் குறைந்ததைச் சதவீதத்தில் சொன்னால், ஏறத்தாழ 71% சரிவு. இது ஒப்பீட்டு அளவு. விளம்பரத்திலும் வாட்ஸ்அப் ஃபார்வேர்டிலும் பெரும்பாலும் வருவது இந்த எண்தான்.

ஆனால் 10,000 பேரில் உண்மையில் தப்பித்தவர்கள் 5 பேர். அதாவது 0.05%. இது நேரடி அளவு. கேட்க ‘இவ்வளவுதானா?’ என்று இருக்கும். ஆனால் ஒருவருக்குக் கிடைக்கும் பலனைச் சொல்வது இந்த எண்தான்.

எத்தனை பேருக்குப் போட்டால் ஒருவர் தப்புவார்?

இந்தக் கேள்விக்காகவே 1988-ல் லாபாசிஸ், சாக்கெட், ராபர்ட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். பெயர் ‘நம்பர் நீடட் டு ட்ரீட்’, சுருக்கமாக என்.என்.டி. வழி ரொம்ப சிம்பிள்: 100-ஐ நேரடிப் பலனின் சதவீதத்தால் வகுக்க வேண்டும். 100 ÷ 0.05 = 2,000.

பஸ் கணக்கில் பார்ப்போம். கம்பத்திலிருந்து தேனிக்கு பஸ்ஸுக்கு 50 பேர் வீதம் 40 பஸ் நிறைய ஆட்கள் ஆபரேஷனுக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் ஊசி போட்டால், அந்த 40 பஸ்ஸில் ஒருவர் தொற்றிலிருந்து தப்புவார். மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு ஊசி இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோருக்கும் போடுகிறார்கள். ஒரு லட்சம் ஆபரேஷன் என்றால், தவிர்க்கப்படும் தொற்று சுமார் 50.

எல்லோருக்கும் ஒரே பலனா?

இல்லை. சில ஆபரேஷன்களில் லென்ஸைத் தாங்கும் பின்புறச் சவ்வு கிழிந்துவிடும். அப்போது தொற்று அபாயம் எகிறும். இந்த ஆய்வில் அப்படிப்பட்டவர்களிடம் தொற்று 0.48%, ஊசி போட்டபோது 0.21%. ஒப்பீட்டு அளவில் சரிவு 56% மட்டுமே, அதாவது 71-ஐவிடக் குறைவு. ஆனால் இவர்களில் சுமார் 370 பேருக்குப் போட்டாலே ஒருவர் தப்புகிறார். நாற்பது பஸ் தேவையில்லை, ஏழெட்டு பஸ் போதும். அபாயம் அதிகம் உள்ளவருக்கு, சதவீதம் சிறிதாகத் தெரிந்தாலும் பலன் பெரிது.

ஆபத்துக்கும் இதே கணக்கா?

ஆமாம். எத்தனை பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குப் பாதிப்பு வரும் என்பதையும் இப்படியே எண்ணலாம். இந்த ஆய்வில் மாக்சிஃப்ளாக்சசினால் வந்ததாக எந்தப் பக்கவிளைவும் பதிவாகவில்லை. அதற்காக ஆபத்து பூஜ்யம் என்று சொல்லிவிட முடியாது. புள்ளியியலில் ‘மூன்றின் விதி’ என்று ஒன்று உண்டு: 3-ஐ மொத்த எண்ணிக்கையால் வகுத்தால், ஆபத்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று ஏறக்குறைய தெரியும். இங்கே அது லட்சத்தில் ஒன்று. 2,000-க்கு ஒருவர் தப்பும்போது, ஆபத்து அதிகபட்சம் லட்சத்தில் ஒருவருக்கு என்றால், தராசு ஊசியின் பக்கமே சாய்கிறது.

எல்லா மருந்துக்கும் இப்படி அமையாது. இதே வேலைக்குப் பயன்பட்ட வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக், அபூர்வமாக விழித்திரை ரத்தக்குழாய்களை அடைத்துப் பார்வையைப் பறிப்பது தெரியவந்தது. தொற்றைத் தடுக்க அதைக் கண்ணுக்குள் செலுத்த வேண்டாம் என்று 2017 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது.

ஆய்வை அப்படியே நம்பலாமா?

ஒரு குறை இருக்கிறது. இது பழைய பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்த சோதனை இல்லை. இடையில் மாறிய வேறு விஷயங்களும் தொற்றைக் குறைத்திருக்கலாம். ஆனால் ஐரோப்பாவில் 16,000-க்கும் அதிகமானோரிடம் குலுக்கல் முறையில் நடந்து 2007-ல் வெளியான சோதனையிலும், செஃப்யூராக்சிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போடாதவர்களுக்குத் தொற்று வாய்ப்பு சுமார் 5 மடங்கு அதிகமாக இருந்தது.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் நான்கு கேள்விகள்:

1. இதைச் செய்யாவிட்டால், 10,000 பேரில் எத்தனை பேருக்குப் பிரச்சினை வரும்?
2. செய்தால் எத்தனை பேருக்கு வரும்?
3. பக்கவிளைவு அதே 10,000-ல் எத்தனை பேருக்கு?
4. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அபாயம் சராசரியைவிட அதிகமா, குறைவா?

ஊசி போட்டும் 10,000-ல் 2 பேருக்குத் தொற்று வந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்குக் கண்வலி, சிவப்பு, பார்வை மங்கல் தெரிந்தால், ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.