இருக்கைச் சூடும் பெற்றோர் நலமும்

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் மார்கழியிற்கூடக் கார் இருக்கையைச் சூடாக்கும் தேவை எழுவதில்லை. ஆயினும் அவ்வெல்லையோரச் சிற்றூர்களை விட்டுக் குளிர்நாடுகளில் குடியேறிய நம் இல்லங்களுக்குப் பெற்றோர் வரும்போது, நாம் முதலில் தட்டுவது அந்தச் சுவிட்சைத்தான். நம்மிற் பலருடைய கார்களோ பழையவை.

இருக்கை உறையின்கீழ் மெல்லிய மின்கம்பி ஓடும் விரிப்பு ஒன்று உண்டு. நாள்பட மடிந்தும், முழங்காலூன்றியும் அக்கம்பி நைந்துபோகும். நைந்த இடத்தில் வெப்பம் குவிந்தால் உறை கருகும், உடலும் சுடும்.

சூடு வரவில்லையெனில் முதலில் பியூஸையும், அடுத்து சுவிட்சையும், இருக்கையடி இணைப்பையும் பார்க்க வேண்டும். கம்பி அறுந்திருந்தால் ஓம்மானி காட்டிவிடும். அதை முறுக்கி ஒட்டுப்போடுதல் ஆகாது. விரிப்பையே மாற்றுதல் நன்று. சூட்டை மட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை விலக்கி நேரிணைப்புக் கொடுப்பது பேராபத்து. இருக்கையடியில் மஞ்சள் இணைப்பு இருப்பின், அது பெரும்பாலும் ஏர்பேக்கினுடையது. அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுக.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு? நீரிழிவால் உணர்வு மங்கிய முதியோர் சூட்டை அறியார். 44 பாகை செல்சியஸ் வெப்பமே ஆறு மணி நேரம் தோலில் படிந்திருந்தால் புண்ணாகும் என 1947-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. சூடு அதனினும் மிகுந்தால் நேரமும் விரைந்து சுருங்கும்.

நம் பெரியோர் பிள்ளைகள் மனம் நோகுமென்று, சுட்டாலும் வாய்திறவார். ஆகவே அவர்களை அமர்த்துமுன் இருக்கையில் நம் கையை வைத்துப் பார்ப்போம். இதமானதும் சுவிட்சை அணைப்போம்.