டெலிபோன் வழியே கைகால் பயிற்சி: கை கொடுப்பது யார்?

"ஏம்பா, டெலிபோனிலே கை கால் பிடித்துவிட முடியுமா?" என்று கேட்டார் எங்கள் புக்கிங் ஆபீஸில் மூத்தவர் ஒருவர். என் மாமனாருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ கால் மூலம் பிசியோதெரபி சொல்லித் தருகிறார்கள் என்று நான் சொன்னதற்கு வந்த கேலி அது. சிரித்துவிட்டு கவுண்டருக்குப் போய்விட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஆறு மாதம் அதோடு மல்லாடிய பின் சொல்கிறேன்: பிடித்துவிட முடியாது. ஆனாலும் டெலிபோன் வேண்டும்.

மாமனார் ஆரணிப் பக்கத்துக் கொத்தனார். முப்பது வருஷமாக ரேணிகுண்டாவிலும் திருப்பதியிலும் சாரம் ஏறிப் பிழைத்தவர். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ரயில்வே மருத்துவம் எனக்குண்டு, மாமனாருக்குக் கிடையாது. ஒரு ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது பயிற்சிப் படம் போட்ட ஒரு தாளும் ஒரு டெலிபோன் நம்பரும் தந்தார்கள். தாள் இங்கிலீஷில் இருந்தது. "வாரம் ஒரு தடவை ஸ்கிரீனில் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் அலைய வேண்டாம்" என்றார்கள். எங்களுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

திருப்பதி பத்து கிலோமீட்டர்தானே, நேரில் போக என்ன கேடு என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கே ஸ்விம்ஸ் இருக்கிறது; எலும்பு மூட்டு நோய்களுக்கென்று தேவஸ்தானம் நடத்தும் பர்ட் ஆஸ்பத்திரி இருக்கிறது. வாய்ப்பில்லாத ஊர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பக்கம் விழுந்த மனிதரை ஆட்டோவில் ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். அந்த இருவரில் ஒருவருக்கு அன்றைய கூலி போகும். பிசியோதெரபி ஒரு நாள் மருந்தல்ல. மாதக்கணக்கில் செய்ய வேண்டியது. பக்கவாதத்தில் முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்த மூன்று மாதம் தினமும் ஆட்டோ வைக்க எந்தக் கொத்தனார் குடும்பத்தால் முடியும்? வேலூரிலோ சென்னையிலோ ஆபரேஷன் செய்துகொண்டு இங்கே திரும்பியவர்கள் பாடு இன்னும் மோசம். திருப்பதியிலிருந்து காட்பாடி 104 கிலோமீட்டர் ஒற்றைப் பாதை. இரட்டைப் பாதைக்கு 2025 ஏப்ரலில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்தது நமக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் மூட்டு மாற்றிக்கொண்டவர் பாதை போட்டு முடிக்கும்வரை காலை மடக்காமல் காத்திருக்க முடியுமா?

அதனால்தான் டெலிபோன் வேண்டும் என்கிறேன். இது நம் சீமைக்குப் புதிதுமல்ல. சித்தூரை அடுத்த அரகொண்டா கிராமத்தையும் சென்னை அப்போலோ ஆஸ்பத்திரியையும் இணைத்து, தூரத்திலிருந்தே வைத்தியம் பார்க்கும் ஏற்பாடு 2000-ஆம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி தொடங்கியது. அப்போது இந்தியா வந்திருந்த அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் அதைத் தொடங்கி வைத்தார். சர்க்காரின் இ-சஞ்சீவனி 2019-ல் வந்தது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தே டாக்டரைக் கேட்கும் வசதியும் அதில் சேர்ந்தது. ஆந்திரம் அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களுள் ஒன்று.

ஆனால் காய்ச்சலுக்கு மாத்திரை சொல்வது வேறு, காலைத் தூக்கச் சொல்லிக் கொடுப்பது வேறு. இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

போன் வேலைக்குப் போய்விடுகிறது

முதல் சங்கடம், எங்கள் வீட்டில் படம் பார்க்கும் போன் ஒன்றே ஒன்று. அது என் சட்டைப் பையில் டியூட்டிக்கு வந்துவிடும். ஆஸ்பத்திரியார் கொடுத்த நேரமோ பகல் பதினொன்று. முதல் இரண்டு வாரம் நான் கவுண்டரில் இருக்கும்போது அழைப்பு வந்து நின்றது. நம்மவர்கள் வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான். சம்பாதிப்பவரிடம் போன், படுத்திருப்பவரிடம் சுவர்க் கடிகாரம். போனில் வைத்தியம் பார்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "உங்கள் வீட்டில் போன் எத்தனை மணிக்கு இருக்கும்?" என்பதே.

மூன்றாம் வாரம் வார ஓய்வை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். எவர்சில்வர் சொம்பில் போனைச் சாய்த்து வைத்தோம். மாமனாரின் முகம் மட்டும் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்ததால் அந்த முகமும் இருட்டு. பயிற்சி சொன்னவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலுக்குப் பாடம் நடத்தினார். நாங்களும் சரி சரி என்றோம். போனை ஸ்டூலில் இடுப்பு உயரத்தில், ஆறேழு அடி தள்ளி, வெளிச்சம் நோயாளி மேல் விழும்படி வைத்தால் தலை முதல் பாதம் வரை தெரியும் என்பதை யாரும் சொல்லவில்லை. நாங்களாகக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

அடுத்தது பாஷை. முதலில் பேசியவர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். "கால்லு திம்மிர்லு வஸ்துன்னாயா?" என்று கேட்டார். கால் மரத்துப் போகிறதா என்று அர்த்தம். மாமனாருக்கு முப்பது வருஷத் தெலுங்கு உண்டு. ஆனால் அது செங்கல், சிமெண்டு, கூலி பற்றிய தெலுங்கு. அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எனக்கென்ன திமிரு? நான் என்ன திமிர் பண்ணினேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்று சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்று அந்த வாரத்துப் பயிற்சி போயிற்று. குடைச்சல், இழுப்பு, மதமதப்பு, எரிச்சல் என்று நம் ஆட்கள் சொல்லும் ஒவ்வொன்றும் வைத்தியருக்கு ஒரு துப்பு. நேரில் என்றால் தொட்டுக் காட்டிவிடலாம். போனில் சொல் ஒன்றுதான் கதி. எட்டு மணி நேரம் தெலுங்கில் டிக்கெட் கொடுக்கிற என்னாலேயே குடைச்சலுக்குத் தெலுங்கு சொல்ல முடியவில்லை.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். பெரிய தவறு வேறு. என் மனைவி தன் தகப்பனாரைத் தூக்கி உட்கார வைக்கும்போது, விழுந்த கையைப் பிடித்து இழுத்துத்தான் தூக்குவாள். பக்கத்து வீட்டாரும் அப்படியே. அது கூடாது. சத்து இழந்த தோள் அந்த இழுப்பைத் தாங்காது. திரையில் அவர் எப்போதும் உட்கார்ந்த நிலையில்தான் தெரிந்தார். எப்படி உட்கார்ந்தார் என்று யாரும் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. எட்டாவது வாரம் வலி தாங்காமல் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் தோளில் இரண்டு விரலை வைத்த மாத்திரத்தில், "மூட்டு இறங்கியிருக்கிறதே" என்றார். இரண்டு மாதம் திரையில் தெரியாதது இரண்டு விரலுக்குத் தெரிந்துவிட்டது. அந்த எட்டு வாரத்தை யார் திருப்பித் தருவார்கள்?

ஆகவே என் கட்சி இதுதான். முதல் பரிசோதனை நேரில், கையால் நடக்க வேண்டும். அதன் பிறகும் மாதம் ஒரு முறையாவது கை பட வேண்டும். நடுவில் உள்ள நாட்களுக்கு டெலிபோன் போதும். தசையின் விறைப்பையும் மூட்டின் பிடிப்பையும் கண்ணாடித் திரை உணராது. ஆனால் நடையைப் பார்க்கலாம், நாற்காலியிலிருந்து எழுவதைத் திருத்தலாம், "பத்து தடவை செய்தீர்களா, ஐந்தோடு நிறுத்திவிட்டீர்களா?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே மாமனார் பத்தும் செய்தார்.

இரண்டு ஆராய்ச்சிகள்

எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இரண்டு ஆராய்ச்சிகளைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் 2019-ல் வெளியானது ஒன்று. பக்கவாதம் கண்ட 124 பேரில் ஒரு பாதியினருக்கு வீட்டிலிருந்தே கணினித் திரை வழியாகவும், மறுபாதியினருக்கு ஆஸ்பத்திரியிலும் கைப் பயிற்சி கொடுத்தார்கள். இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பலன். ஆனால் கவனிக்க வேண்டும்: 36 தடவைப் பயிற்சியில் பாதித் தடவை சிகிச்சையாளர் உடனிருந்து பார்த்தார். மற்றொன்று நம் நாட்டில், 14 ஆஸ்பத்திரிகளில், 1250 நோயாளிகளை வைத்து நடந்து 2017-ல் வெளியானது. குடும்பத்தாருக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்து, வீட்டில் அவர்களையே செய்யவிட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

இந்த இரண்டாவதைக் கேட்டபோது எனக்கு என் மனைவியின் ஞாபகம்தான் வந்தது. டெலிபோன் பிசியோதெரபி என்று நாம் பெருமையாகச் சொல்வதில், பேசுவது ஆஸ்பத்திரி. கை வைப்பது வீட்டுப் பெண். காலைச் சமையல், பிள்ளைகள் பள்ளிக்கூடம், தண்ணீர், இவற்றுக்கு நடுவே அறுபது கிலோ மனிதரைப் புரட்டி மடக்கி நீட்ட வேண்டும். அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? எப்படிக் குனிய வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்பதை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, வீட்டுக்கு அனுப்புமுன், ஒரு மணி நேரம் அவள் கையைப் பிடித்துச் சொல்லித் தந்திருக்கலாம். நோயாளி சரியாகச் செய்வதை நம் போனிலேயே படம் பிடித்துக் கொடுத்திருந்தால், தாளில் உள்ள கோட்டுப் படத்தைவிட ஆயிரம் மடங்கு உதவியிருக்கும். இதற்குப் பெரிய செலவில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். மாமனாரின் தம்பிக்கு ஆரணியில் அப்படி வந்து பார்க்கிறார்கள். பிழைக்க வந்த அண்ணனுக்கு இங்கே அது கிடையாது; அந்தத் திட்டம் அந்த மாநிலத்தாருக்கு. குறை சொல்ல வரவில்லை. ஆனால் திருப்பதி ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த பிசியோதெரபிஸ்டுகள் இல்லாமலில்லை. வாரத்தில் ஒரு சாயங்காலம், வேலைக்குப் போனவர் வீடு திரும்பிய பிறகு, தமிழில் பேசும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எத்தனையோ வீடுகளுக்கு உபகாரம். நம் சங்கங்கள் விழாவுக்குப் பந்தல் போடுவதோடு, ஒரு அறையில் ஒரு பாய், ஒரு நாற்காலி, ஒரு போன் வைக்கலாமே?

அதுவரை போனில் பயிற்சி எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிப்பது, முதுகு வலியோடு சிறுநீர் கட்டுமீறிப் போவது, திடீரென்று புதிதாகக் கை கால் சோர்வது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த வார அழைப்புக்குக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனில் பேசுபவர் யார், பிசியோதெரபி பட்டம் பெற்றவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பெண் நோயாளி என்றால் படம் பதிவாகிறதா என்பதையும் கேட்டுவிட வேண்டும். எழுந்து நிற்கும் பயிற்சியின்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யவே கூடாது. போனைப் பிடித்துக்கொண்டிருப்பவரை ஆளாகக் கணக்கிடாதீர்கள். அவருக்குக் கை ஒழியாது.

மாமனார் இப்போது தடி ஊன்றி வாசல்வரை போகிறார். தோள் முழுக்கச் சரியாகவில்லை. ஞாயிறு தோறும் சாயங்காலம் தமிழ் பேசும் ஒரு பெண் போனில் வருகிறார். "தாத்தா, தடியை வலது கையில் பிடியுங்கள்" என்று அவர் அதட்டினால், என்னிடம் எகிறும் மனிதர் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிடுகிறார். மாதத்துக்கொரு முறை திருப்பதிக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். தூக்கித் தூக்கி என் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. "அக்கா, அடுத்த வாரம் நீங்களும் வந்துவிடுங்கள், நேரில் பார்க்க வேண்டும்" என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். நான் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.