ஹைப்போவில் தாராளம், நீரில் சிக்கனம்

பிலிம் சுருளைத் தாமே கழுவிப் பார்க்கும் ஆர்வம் நம் மாணவ நண்பர்களிடையே மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. கைப்பேசியில் ஆயிரம் படம் எடுக்கக்கூடிய இந்நாளில், 36 படங்களுக்காக விடுதி அறையை இருட்டாக்கிக் காத்திருக்கும் பொறுமை பாராட்டத்தக்கதே. ஆனால் அப்பொறுமை டெவலப்பரோடு தீர்ந்துபோகிறது என்பதே என் குறை.

டெவலப்பரில் வினாடி வினாடியாக எண்ணும் நண்பர், ஹைப்போவில் பிலிம் தெளிந்தாற்போல் தோன்றியதுமே எடுத்துவிடுகிறார். பிறகு அந்த அவசரத்துக்குப் பிராயச்சித்தம் போல, அரை மணி நேரம் குழாயைத் திறந்துவிடுகிறார். கூடாத இடத்தில் சிக்கனம்; வேண்டிய இடத்தில் ஊதாரித்தனம்!

ஒளி படாத வெள்ளி உப்பு நீரில் கரையாது. ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், அதைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டார்; 1839இல் அது புகைப்படக்கலைக்குப் பயன்பட்டது. ஆயினும் இக்கரைதல் ஒரே படியில் முடிவதன்று. முதலில் உண்டாகும் கூட்டுப்பொருள் எளிதில் கரையாது. மேலும் தயோசல்பேட் சேர்ந்த பின்னரே அது கரைந்து வெளியேறும். அதற்குள் பிலிமின் பால்நிறம் மறைந்துவிடுவதால் கண் ஏமாறுகிறது. உள்ளே தங்கியதை எத்தனை குடம் நீரும் அகற்றாது. நாளடைவில் அது வெள்ளி சல்பைடாக மாறி, நெகட்டிவில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படியும்.

ஆகவே, சுருளின் முனையில் வெட்டிய துண்டொன்றை வெளிச்சத்திலேயே ஹைப்போவில் இட்டு, தெளிய எத்தனை நேரமாகிறது என்று பாருங்கள். அதைப்போல் இரு மடங்கு நேரம் சுருளுக்குக் கொடுங்கள். புதுக் கரைசலில் ஆன நேரம் இரட்டித்துவிட்டால், அக்கரைசலுக்கு விடை கொடுங்கள்.

அலசும்போது நடப்பது வேறு. ஊறிய ஜெலட்டினில் ஹைப்போவின் செறிவு மிகுதி. சுற்றியுள்ள நீரில் குறைவு. இவ்வேறுபாடு உள்ளவரை ஹைப்போ வெளியேறும். இரண்டும் சமமானால் நின்றுவிடும். ஆதலின் வேண்டியது நீரின் அளவன்று, நீரை மாற்றுவதே. இல்போர்டு நிறுவனத்தார் கூறும் முறை இதுதான்: டாங்கில் நீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுக; மறுபடி நிரப்பி 10 முறை; மீண்டும் 20 முறை. கடினப்படுத்தும் மருந்து சேராத ஹைப்போவுக்கே இது பொருந்தும். 35 மில்லிமீட்டர் சுருளுக்கான டாங்க் சுமார் 300 மில்லிலிட்டர் கொள்ளும். மொத்தம் ஒரு லிட்டர்கூட ஆகாது. நிமிடத்துக்கு 5 லிட்டர் கொட்டும் குழாயோ அரை மணியில் 150 லிட்டரை விழுங்கும்.

“ஓடும் நீர்தானே பாதுகாப்பு?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெங்களூரின் குழாய்களில் வரும் காவிரி நீர், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து இயந்திரத்தால் மேலேற்றிக் கொண்டுவரப்படுவது. 2024 கோடையில் இந்நகரம் தண்ணீருக்குத் தவித்ததை யாவரும் அறிவோம். கடைமடையில் அதே நீருக்காக வானத்தையும் வாய்க்காலையும் பார்த்திருக்கும் ஊரிலிருந்து வந்தவன் நான். பயனில்லாமல் அதைச் சாக்கடையில் விட எனக்கு மனம் வரவில்லை.

ஈராண்டில் பட்டம் பெற்றுத் திசைக்கொருவராய்ப் பிரிவோம். அன்று நம்மிடம் எஞ்சுவன இந்த நெகட்டிவ்களே. அவை நம் முதுமைவரை நிலைத்திருக்க வேண்டுமாயின், ஹைப்போவில் இன்னும் சில நிமிடம் பொறுப்போம், குழாயை மூடுவோம்.