சித்திரமா, சாமியா?

வீட்டில் தொங்கும் சாமிப் படங்களைப் பற்றி நாம் வாய் திறந்தால், "சுயமரியாதைக்காரருக்குக் கலையே பிடிக்காது" என்று சிலர் கிளம்பிவிடுகின்றனர். இது சுத்தப் புரட்டு. நல்ல சித்திரத்தைக் கண்டு நாமும் மகிழ்கின்றோம். சித்திரத்துக்குக் கற்பூரம் கொளுத்துவது எந்த ரசனையில் சேர்ந்தது என்பதே நமது கேள்வி.

கிளிமானூரில் 1848-ல் பிறந்த ரவிவர்மா கைதேர்ந்த ஓவியர் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. அவர் 1894-ல் பம்பாயில் ஓர் அச்சகம் வைத்தார். இயந்திரமும் ஜெர்மனி, தொழில் தெரிந்த ஆளும் ஜெர்மனி. லட்சுமியும் சரஸ்வதியும் புடவை கட்டிக்கொண்டு அங்கிருந்துதான் வீடு வீடாகப் புறப்பட்டார்கள். அந்த லட்சுமி, தன்னை அச்சடித்த அச்சகம் நஷ்டத்தில் தத்தளித்தபோது ஒரு தம்படியாவது கொடுத்தாளா? அச்சகம் கடைசியில் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு விற்கப்பட்டது. முதலாளியைக் காப்பாற்றாத படம், அதைக் காசு கொடுத்து வாங்கியவனை எப்படிக் காப்பாற்றும்?

நிற்க. திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோவில் கதவு சட்டப்படி திறந்தது 1936-ல்தான். அதற்கு எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே அச்சடித்த சாமி, ஜாதி கேளாமல், காசு கொடுத்தவன் கைக்கெல்லாம் வந்தது. கோவிலில் தீட்டுப்பட்ட சாமிக்குக் கடையில் மட்டும் தீட்டுப்படாத மர்மம் என்ன? தீட்டு சாமிக்கல்ல, அர்ச்சகரின் வரும்படிக்கும் அந்தஸ்துக்குமே என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

இனி அசுரர் விஷயம். மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்து மகிஷாசுரன் சிற்பத்தைப் பாருங்கள். எருமைத் தலை, மனித உடல், கையில் கதாயுதம். தேவியின் காலடியில் கிடக்காமல் அவன் நிமிர்ந்து நிற்கிறான். அந்தச் சிற்பி எதிரிக்கும் வீரம் உண்டென்று ஒப்புக்கொண்டான். நமது காலண்டர்காரரோ, அசுரன் என்றால் கறுப்புத் தோல், கோரைப் பல், தடித்த மீசை என்று தீட்டிவிடுகின்றனர். வெயிலில் உழைத்துக் கறுத்த தகப்பனின் பிள்ளை அதைப் பார்த்து, தன் அப்பனைப் பற்றியும் தன்னைப் பற்றியும் என்ன நினைக்கும்?

ஆகவே தோழர்களே, படத்தைக் கிழிக்கும்படி நாம் சொல்லவில்லை. மாலையையும் கற்பூரத்தையும் எடுத்துவிட்டு, இதை வரைந்தவர் யார், அச்சடித்தவர் யார், அசுரனாக யாரைக் காட்டியிருக்கிறார்கள் என்று உங்கள் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். அப்போதுதான் அது சித்திரமாகும். அதுவரை அது சுவரில் தொங்கும் விலங்கேயாகும்.