கண் அயர்ந்தவன் மட்டுமா குற்றவாளி?

நெடுஞ்சாலை ஓரத்திலே லாரி கவிழ்ந்து கிடக்கிறது. மறுநாள் பத்திரிகையிலே நாலு வரிச் செய்தி: டிரைவர் தூங்கிவிட்டாராம், அதனால் விபத்தாம். அத்தோடு கதை முடிந்தது! வழக்கு டிரைவர் மீது. பழி டிரைவர் மீது. உயிர் தப்பியிருந்தால் சிறைவாசமும் அவருக்கே. அவர் ஏன் தூங்கினார்? அதற்கு முன் எத்தனை மணி நேரம் தூங்காதிருந்தார்? தூங்கவிடாமல் துரத்தியவர் யார்? இதைக் கேட்பார் உண்டா?

நாம் கேட்கிறோம்.

நாமக்கல்லிலும், சங்ககிரியிலும், திருச்செங்கோட்டிலும் வீட்டுக்கு வீடு லாரித் தொழிலோடு உறவு உண்டு. அங்கிருந்து வடக்கே புறப்படும் டிரைவர் வீடு திரும்ப வாரங்கள் ஆகும். கூலியோ பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஆலை வாசலிலே லோடு ஏற்றப் பகல் முழுதும் காத்துக் கிடந்தால், அந்த நேரத்துக்குக் காசு இல்லை. ஓய்வு என்று சொல்லவும் முடியாது. வெயிலிலே வரிசையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவன் கண்ணை மூடுவது எங்கே? மாலையிலே லோடு ஏறும். உடனே உத்தரவு: “விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்!” வீணான பகலை இரவிலே ஈடுகட்ட வேண்டியவர் யார்? ஆலைக்காரரா? புக்கிங் ஆபீஸ்காரரா? இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்தான்!

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். நாலே விநாடி இமை மூடினால் 67 மீட்டர் தூரம் அந்த லாரியை ஓட்ட ஆளில்லை என்று பொருள். தொப்பூர்க் கணவாயின் இறக்கத்திலே அந்த நாலு விநாடி என்ன செய்யும் என்பதைத் தருமபுரி மாவட்டத்தார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

குடித்துவிட்டு ஓட்டினால் குற்றம் என்கிறது சட்டம், சரிதான். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கக் கூடாது. ஆனால் 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் திறன், 50 மில்லிகிராம் மது ஏறியவனின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-லேயே ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். காலை 5 மணிக்கு எழுந்தவரை இரவு 10 மணிக்கு லாரி ஏற்றி அனுப்புகிறவர், ஒரு சொட்டும் குடிக்காதவரைக் குடித்தவராக்கி அனுப்புகிறார்! ஊதிப் பார்க்கும் கருவி அதைக் காட்டாது.

சட்டம் இல்லையா? இருந்தது. 1961-ல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்றது. நெடுந்தூர வழிகளுக்கு முன் அனுமதி பெற்று 10 மணி, 54 மணி வரை போகலாம் என்றது. 5 மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு. ஒருநாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குமுன் தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு. எவ்வளவு அருமையான ஏடு! அந்தச் சட்டம் 2020-ன் தொகுப்புச் சட்டத்திலே கரைக்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. 8 மணி என்ற வரி அதிலும் உண்டு. சாலையிலேதான் அதைக் காணோம்.

இன்னொன்றையும் பாருங்கள். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்றிருந்த விதியை 2018-ல் டெல்லி எடுத்துவிட்டது. ஆள் கிடைக்கவில்லை, விதி பெயரளவில்தான் இருந்தது என்றார்கள். பெயரளவில் இருந்த விதியை உயிருள்ளதாக்குவது ஒரு வழி. அடக்கம் செய்வது மற்றொரு வழி. எது எளிதோ அது நடந்தது.

செய்த நல்லதைச் சொல்லத் தயங்கமாட்டோம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் ஆயிற்று. வரவேற்கிறோம். ஆனால் குளிர்ந்த காற்று தூக்கத்துக்கு மாற்று ஆகுமா? விழித்திருந்த மணிகளை அது கழித்துவிடுமா?

ஐரோப்பிய நாடுகளிலே நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். நாளுக்கு 9 மணி ஓட்டம், வாரத்தில் இரு நாள் மட்டும் 10. வண்டியிலுள்ள கருவி கணக்கு வைக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2014 முதல் உள்ள கனரக வாகனச் சட்டமோ, டிரைவரோடு நிற்காமல் சரக்கு அனுப்புகிறவர், ஏற்றுகிறவர், நேரம் குறிக்கிறவர் வரைக்கும் கையை நீட்டுகிறது. இங்கே?

இங்கே அந்தக் கணக்குக்குப் புதுக் கருவிகூட வேண்டாம். ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் பாஸ்டேக் எப்போது கடந்தது என்பது விநாடி சுத்தமாகப் பதிவாகிறது. ஒற்றை டிரைவர் வண்டி இடைவிடாமல் எத்தனை மணி ஓடிற்று என்று தெரிந்துகொள்ள அது போதாதா? காசு பிடிக்க உதவும் பதிவு உயிரைப் பிடிக்க உதவக் கூடாதா?

டிரைவர் தோழர்களுக்கும் ஒரு சொல். பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை உடம்பே உறக்கத்தைக் கேட்கும் நேரம். பிற்பகலிலும் ஒரு சரிவு உண்டு. முகத்தில் தண்ணீர் அடிப்பதும், பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடங்களுக்கே உதவும். கடைசியாகக் கடந்த ஊர் நினைவில் இல்லையென்றால் அதுவே அபாய அறிவிப்பு. பத்திரமான இடத்தில் ஒதுக்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு 20 நிமிடம் படுங்கள். எழும்போது டீ வேலை செய்யத் தொடங்கியிருக்கும். எழுந்தவுடன் வண்டியை எடுக்க வேண்டாம், கொஞ்சம் நடந்துவிட்டு எடுங்கள். இது ஒரு மணி இரண்டு மணிக்குத்தான் தாங்கும். முழு இரவின் தூக்கக் கடனை எந்த டீக்கடையும் அடைக்காது. முதலாளி போனிலே அவசரப்படுத்தினால் என்ன செய்வது என்கிறீர்களா? தனி ஒருவர் எதிர்த்துப் பேசினால் அடுத்த நடை கிடைக்காது என்பதை அறிவோம். சங்கமாய்ப் பேசுங்கள்.

2024 ஜனவரியிலே, விபத்து நடந்த இடத்தைவிட்டுப் போனால் 10 ஆண்டுச் சிறை என்ற விதியை எதிர்த்து நாட்டின் பல பகுதிகளில் லாரிகள் நின்றன. அந்த விதியும் நிறுத்திவைக்கப்பட்டது. தண்டனைக்காக ஒன்றுபட முடிந்தவர்கள் தூக்கத்துக்காக ஒன்றுபடக் கூடாதா?

விபத்து நடந்த இடத்துக்கு வரும் அதிகாரிகளிடம் நாம் கேட்பது இரண்டே. டிரைவரின் லைசென்சோடு, அந்த வண்டியின் கடந்த 24 மணி நேரச் சுங்கச்சாவடிக் கணக்கையும் வாங்குங்கள். அந்தச் சரக்குக்குக் கெடு வைத்தவர் யாரென்று விசாரித்து, அவர் பெயரையும் வழக்கிலே எழுதுங்கள்.