பராமரிப்பவளையும் பராமரிப்போம்

மாரி தொடங்கினால் எமது கொட்டில்களுக்குள் தடிமன் காய்ச்சலும் வந்துவிடுகிறது. முதலில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருமும். மூன்றாம் நாள் தாய் படுப்பாள். அடுத்தது ஆச்சி. ஒரு கிழமைக்குள் வீடு முழுவதும் பாயில் கிடக்கும். களை பிடுங்கும் நாட்களில் கூலிக்குப் போக ஆளில்லை. கூலி இல்லையேல் அடுப்பும் எரியாது. சொந்தக் காணியை விட்டு வந்து, பிறர் வயலில் நாட்கூலிக்கு நிற்கும் குடும்பத்துக்கு இது சின்ன வருத்தம் அல்ல.

"ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும்தானே" என்கிறோம். அப்படி ஒரு விதி இல்லை. இன்புளுவென்சா என்னும் இக்காய்ச்சல் வைரசினால் உண்டாவது. இருமும்போதும் தும்மும்போதும் பறக்கும் துளிகளாலும், அவை பட்ட கையை மூக்கிலும் கண்ணிலும் வைப்பதாலும் பரவுகிறது. அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, தோன்றியபின் 5 முதல் 7 நாட்கள் வரை தொற்றலாம். சிறு பிள்ளைகளிடமிருந்து இன்னும் சில நாட்கள் தொற்றக்கூடும். வரும் வழி தெரிந்தால் அதை மறிக்கவும் முடியும்.

நோயாளியைத் தனி அறையில் வைக்கும்படி ஆலோசனை சொல்கிறார்கள். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் எமக்கு அது எப்படிப் பொருந்தும்? ஆனாலும் அறை இல்லை என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. காற்று வரும் வாசலோரம் நோயாளியின் பாயைப் போடலாம். அவருடைய தலைமாட்டுப் பக்கம் மற்றவர்களின் கால்மாடு இருக்கும்படி படுக்கலாம். மழை விட்ட பகலில் அவரை வெளியே மரநிழலில் இருத்தலாம். அவருக்கென ஒரு பேணி, ஒரு கோப்பை, ஒரு துவாய் ஒதுக்கலாம். அவற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். 2020இல் கொரோனாக் காலத்தில் பழகிய முகக்கவசம் இங்கும் உதவும். நோயாளியும் அணியட்டும், அருகே போகிறவரும் அணியட்டும்.

எல்லாவற்றிலும் மலிவான காவல் சவர்க்காரக் கட்டிதான். நோயாளியைத் தொட்டபின்னும், சமைக்குமுன்னும், சாப்பிடுமுன்னும் 20 விநாடிகளாவது தேய்த்துக் கழுவவேண்டும். எல்லோரும் ஒரே வாளிக்குள் கையை விடுவது கழுவுதல் ஆகாது. ஒருவர் செம்பால் ஊற்ற மற்றவர் கழுவட்டும். அல்லது போத்தலில் துளையிட்டு வாசலில் கட்டித் தொங்கவிடலாம். தண்ணீரும் மிஞ்சும்.

இனி நாம் சொல்ல வந்த விடயம். நோயாளியைப் பார்ப்பவர் ஒருவராக இருந்தால் தொற்று குறையும். ஆனால் எமது வீடுகளில் அந்த ஒருவர் எப்போதும் தாய்தான். கஞ்சி காய்ச்சுகிறவளும், உடுப்புத் தோய்க்கிறவளும், இரவில் நெற்றியில் ஈரத்துணி போடுகிறவளும், விடியத் தண்ணீருக்குப் போகிறவளும் அவளே. இது நீதியல்ல. கர்ப்பிணிகள், முதியோர், ஆஸ்த்மா, நீரிழிவு, இருதய நோய் உள்ளவர்களுக்கு இக்காய்ச்சல் கடுமையாகலாம். அவர்களிடம் இப்பணியை விடக்கூடாது. அப்போது கணவனோ வளர்ந்த மகனோ முன்வரவேண்டும். "ஆம்பிளைக்கு என்ன தெரியும்" என்ற பேச்சை விடுவோம். கஞ்சி வைக்கத் தெரியாதவன் பழகிக்கொள்ளலாம். பாலூட்டும் தாய்க்குக் காய்ச்சல் வந்தாலும் பாலை நிறுத்தத் தேவையில்லை. கையைக் கழுவி, முகக்கவசம் அணிந்து கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. எல்லாக் காய்ச்சலும் தடிமன் காய்ச்சல் அல்ல. மாரியில் டெங்கும் வரும், வயலில் நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததை மறக்கவேண்டாம். ஆகவே வைத்தியர் சொன்ன அளவில் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள்; அஸ்பிரின் வேண்டாம். காய்ச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் நின்றாலோ, மூச்சு வாங்கினாலோ, கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, சிறுநீர் குறைதல், மயக்கம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வயலில் வேலை செய்ததையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நோயாளரைச் சந்திப்பது இரக்கச் செயல் என்று திருச்சபை எமக்குக் கற்பித்திருக்கிறது. சனம் கூடிப் பாயைச் சுற்றி இருந்து, காய்ச்சலையும் வாங்கிக்கொண்டு போவதுதான் சந்திப்பா? அந்த வீட்டுக்கு இரண்டு குடம் தண்ணீர் அள்ளி வைப்போம். ஒரு சட்டி கஞ்சியை வாசலில் வைத்துக் குரல் கொடுப்போம். நோயில்லாத பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவோம். அவள் ஒரு மணித்தியாலம் கண்மூடட்டும். ஊரை இழந்தோம், அயலை இழக்கவில்லை. அந்த அயல்தான் இன்று எமக்குள்ள பெரிய மருந்து.