தண்ணீர் தாங்கும் சரீரம்

பனையிலிருந்து விழுந்தவனும், கிணற்றுக் கட்டிலிருந்து தவறியவனும், நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளோடு சரிந்தவனும், ஒரு நிமிஷத்துக்கு முன்வரை தன் சரீரத்துக்குப் பாரம் என்று ஒன்று உண்டென்பதையே நினையாதிருந்தவர்கள். முதுகுத் தண்டுவடம் அடிபட்ட கணத்திலிருந்து, புரண்டு படுப்பதற்கும் பிறர் கையை எதிர்பார்க்கும்படியாக, அந்தச் சரீரமே சுமக்கமாட்டாத சுமையாகிவிடுகிறது. இத்தகையோருக்கு வெதுவெதுப்பான நீரில் அளிக்கப்படும் சிகிச்சையை வசதி படைத்தோரின் உல்லாசமாக எண்ணும் மனோபாவம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அது நீங்க வேண்டும்.

நீரில் அமிழ்ந்த பொருளின் பாரம் குறைகிறது என்று ஆர்க்கிமிடீஸ் கண்ட தத்துவமே இச்சிகிச்சைக்கு அஸ்திவாரம். இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் ஏறக்குறையப் பாதிப் பாரத்தையும், மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கையும், கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கையுமே தாங்குகின்றன. ஆகவே, கொஞ்சநஞ்சம் நரம்புத் தொடர்பு எஞ்சியிருந்தும் தரையில் அசையாத கால் நீரில் அசைகிறது. 33 முதல் 35 டிகிரி செல்ஷியஸ் வரையிலான இளஞ்சூட்டில் தசை இறுக்கம் தளர்கிறது. நிமிர்த்தி உட்காரவைத்தால் தலைசுற்றி மயங்குபவருக்கு, நீரின் அழுத்தம் கால்களில் ரத்தம் தேங்காதபடி தடுத்து, நிமிர்ந்திருக்கும் சக்தியைத் தருகிறது. துருக்கி வைத்தியர்கள் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பத்து வாரம் நீர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தசை இறுக்கத்துக்கான மாத்திரையின் தேவை குறைந்தது. ஆராய்ச்சி சிறியதுதான், ஆயினும் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

அறுந்த நரம்பை நீர் ஒட்டவைக்குமா என்றால், வைக்காது. வைக்கும் என்று பணம் பறிப்பவன் வஞ்சகன். தண்டுவடத்து நரம்பணுக்களைத் தாக்கும் போலியோவுக்கு 1921-இல் ஆளான, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1924-இல் ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக்குச் சென்று, அந்த இளஞ்சூட்டு நீரில் மிதந்தபோது பெற்ற நம்பிக்கையால் 1926-இல் அவ்விடத்தையே விலைக்கு வாங்கித் தம்மைப் போன்றோருக்கான சிகிச்சை நிலையமாக்கினார். துணையின்றி நடக்கும் பாக்கியம் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. எனினும் 1945 ஏப்ரலில் உயிர் பிரியும்வரை அந்த ஊரை அவர் கைவிடவில்லை. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் 1944-இல் தண்டுவடச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மடிவதே இவர்கள் விதி என்றிருந்த காலத்தில், விளையாட்டையே மருந்தாக்கினார். அவருடைய பிரயத்தனத்தின் பலனாக 1960-இல் ரோமாபுரியில் இத்தகையோருக்காக நடந்த பந்தயங்களில் நீச்சலும் இடம்பெற்றது.

அபாயம் உண்டே, செலவு ஆகுமே என்பார்கள். இரண்டும் மெய். காயத்துக்குக் கீழே வியர்வை சுரக்காதவருக்கு வெந்நீர் உடற்சூட்டை ஏற்றிவிடும்; மார்பு முள்ளெலும்புகளில் ஆறாவதற்கோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு ரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும்; படுக்கைப் புண் ஆறவேண்டும், மலஜலம் கழிந்திருக்கவேண்டும், பழகிய பிசியோதெரபிஸ்ட் கூடவே நீரில் இறங்கவேண்டும். நீரைச் சுத்திகரிக்கும் யந்திரமும், ஆளைத் தூக்கி இறக்கும் உபகரணமும் வேண்டும். இவற்றையெல்லாம் எந்தப் பனையேறியின் குடும்பம் தன் வீட்டில் செய்துகொள்ள முடியும்? தனிமனிதனால் ஆகாத காரியம் என்பதாலேயே இது சர்க்காரின் கடமையாகிறது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் எக்ஸ்ரே யந்திரத்துக்கு இருக்கும் அந்தஸ்து, இந்த இளஞ்சூட்டுக் குளத்துக்கும் இருக்கவேண்டும்.

2022 நவம்பரில் சென்னை மெரினாவில் சக்கர நாற்காலிக்காக மரப்பாதை திறக்கப்பட்டபோது, பிறந்த ஊரின் அலையைத் தூரத்திலிருந்தே பார்த்திருந்தவர்கள் அதன் அருகே சென்றார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, பின்னர் செப்பனிடப்பட்டது. திறப்பு விழா ஒரு நாளோடு முடிவது, பராமரிப்பு என்றைக்கும் உரியது என்பதை அது நமக்குக் கற்பித்தது. குளத்துக்கும் அதுவே நியாயம்: நீர் தினமும் சுத்தமாகவும், சூடு சரியாகவும், இறக்கிவிட ஒருவர் ஆயத்தமாகவும் இருக்கவேண்டும். விழுந்தவன் மறுபடி பனை ஏறமாட்டான். தன் பாரத்தை வாரத்தில் சில மணி நேரமாவது தண்ணீரிடம் ஒப்படைத்துத் தானே நிமிர்ந்து நிற்கும் சுகத்தை அவனுக்கு மறுக்க நமக்கு உரிமையில்லை.